பணத்தின் அளவும் கூலியின் நிறையும்

(குன்னூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசிப் பழகிய இம்மேடையில் இன்று பணத்தைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கின்றீர்கள். பணம் என்றவுடன் எவரிடம் எவ்வளவு இருக்கின்றது என்னும் எண்ணமே முந்திக்கொண்டு வரும். நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. ஒரு நாட்டில் மொத்தமாக எவ்வளவு பணம் நடமாட வேண்டும்; அவ்வளவை வரையறுப்பவர் யார்; அவ்வரையறை தவறினால் அடி எவர் தலையில் விழுகின்றது என்பனவே இன்றைய பேச்சு. பணப்புழக்கத்தின் அளவைக் கட்டுக்குள் வைத்து, சீரான வளர்ச்சி காணும் கொள்கை என்று பொருளியலார் இதனைக் கூறுவர். ஆங்கிலம் படித்தார்க்கே உரியதென்று நெடுங்காலமாக ஒதுக்கி வைக்கப்பெற்ற இத்துறை, உண்மையில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் மடியில் முடிந்து வைத்திருக்கும் காசைப் பற்றியது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். கீழை நாட்டுச் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வழங்கிய 'கேசு' என்னும் பெயர் நம் காசு என்னும் சொல்லின் திரிபே. அவர்கள் 'பனம்' என்றது நம் பணத்தையே. (கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காசிலிருந்தே வந்தது என்று நம்மவருள் சிலர் மேடைதோறும் முழங்குவர். அதன் வேர் வேறு. இருக்கும் பெருமை போதும். இல்லாத பெருமை நமக்கு வேண்டா.) இவற்றினும் நான் வியக்கும் சொல் 'பணவீக்கம்' என்பது. விலைவாசி ஏறிற்று என்பது நோயின் புறக்குறியைச் சொல்வது. பணவீக்கம் என்பதோ நோயின் கரணியத்தையே பெயராகக் கொண்டது. வீங்கியது பணம், விலையன்று. அரிசியும் பருப்பும் தம் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை அளக்கும் கோல்தான் குறுகிவிட்டது. ஆறாம் வகுப்பு மாணவன் இச்சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டால், மேலைப் பேராசிரியர்கள் பெரும்பெரும் நூல்களில் நிறுவ முயன்ற கருத்தின் பாதியைக் கண்டவனாவான்.

பணமில்லாமலும் மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு நாம் நிற்கும் இம்மலையே சான்று. தொதவர் எருமை நெய் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் செய்து தந்ததோடு இசையும் முழக்கினர். படகர் தவசம் தந்தனர். குறும்பர் தேனும் காடுபடு பொருளும் கொணர்ந்தனர். இந்நால்வகை மக்களிடையே கொடுக்கல் வாங்கல் வழிவழியாக நடந்து வந்தது. 1819இல் கோவை மாவட்டத் தண்டலர் சான் சல்லிவன் மலையேறி வந்த பின், வெள்ளையர் குடியிருப்பும் தோட்டங்களும் பெருகப் பெருக, வரியும் பணமாயிற்று, கூலியும் பணமாயிற்று. பண்டமாற்றில் குறைகள் பல. நெய் கெடும், இரும்பு வேண்டாதவனிடம் கோத்தரின் உழைப்புக்கு மதிப்பிராது. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. நெய்யை எவனும் ஓரிரவில் இரட்டிப்பாக்கிவிட முடியாது.

நாணயத்தை இரட்டிப்பாக்கலாம். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிய வேந்தர்கள் உலகெங்கும் உண்டு. உரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64ஆம் ஆண்டளவில் தன் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்தான். இம்மலையின் அடிவாரமாகிய கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்துள்ள உரோம வெள்ளிக் காசுகளோ, பெரும்பாலும் அவனுக்கு முந்திய அகசுத்தசு, தைபீரியசு ஆகியோர் காலத்தவை. தரங்குறைந்த காசை நம் வணிகர் கொள்ள மறுத்தமையே இதற்குக் கரணியம் என்று அறிஞர் பலர் கருதுவர். வேறு விளக்கம் கூறுவாரும் உளர். முன்னையோர் கூற்றே உண்மையாயின், பேரரசன் முகம் பொறித்த காசையும் உரசிப் பார்த்து ஒதுக்கியவன் கொங்குத் தமிழ் வணிகன் என்றாகும். அவன் கையில் உரைகல் இருந்தது. நம் கையில் இருப்பதோ தாள். தாளை எக்கல்லில் உரசுவது?

தாள்பணத்தின் இயல்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். வெளித்தொடர்பில்லாத ஒரு தேயிலைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். நூறு தொழிலாளர். கிழமைக்கு ஆளுக்குப் பத்து வில்லை கூலி. ஆக ஆயிரம் வில்லைகள். தோட்டத்துக் கடையில் கிழமைக்கு ஆயிரம் படி அரிசி வருகின்றது. வேறு பண்டம் இல்லை. படிக்கு ஒரு வில்லை விலை. இனி, தோட்டத்துரை தன் மாளிகையைப் புதுப்பிக்க எண்ணி, மேலும் ஆயிரம் வில்லைகள் அடித்துச் செலவிடுகின்றான். அரிசியோ அதே ஆயிரம் படிதான். சில கிழமைகளில் படி இரண்டு வில்லையாகிவிடும். கடைக்காரன் கொள்ளைக்காரன் என்று தொழிலாளர் ஏசுவர். துரையும் அவர்களோடு சேர்ந்துகொண்டு கடைக்காரனை ஏசுவான்!

இதில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. புது வில்லைகள் எல்லார் கைக்கும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் பெறுபவன் துரை. அவன் பழைய விலைக்கே வாங்கிவிடுவான். அடுத்து மாளிகை கட்டும் மேற்பார்வையாளன்; அடுத்துக் கணக்குப்பிள்ளை. கூலி உயர்வு கேட்டுப் பெற்று, கொழுந்து பறிப்பவள் கைக்குப் புது வில்லை வந்து சேரும்போது விலை ஏறி முடிந்திருக்கும். வீங்கிய பணம் ஒரு வரி. சட்டமன்றத்தில் வைக்கப்பெறாத வரி. கடைசியில் நிற்பவனிடம் மிகுதியாகத் தண்டப்பெறும் வரி.

மறுபக்கமும் உண்டு. அரிசி விளைச்சல் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு பெருகி, வில்லை பெருகாதிருந்தால் விற்பனை முடங்கும், வேலை குறையும். ஆகவே வில்லையும் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பெருக வேண்டும். தொழிலாளர் வில்லையைச் செலவிடாமல் பானையில் போட்டு வைத்தால் அதற்கும் ஈடு செய்தல் வேண்டும். பணத்தின் அளவை அது கைமாறும் விரைவால் பெருக்கினால் வருவது, விற்கப்படும் பண்டங்களின் அளவை விலைநிலையால் பெருக்கினால் வருவதற்கு ஈடாகும் என்று அமெரிக்கப் பொருளியலார் இர்விங் பிசர் 1911இல் கணக்காக எழுதிக் காட்டியது இவ்வளவே.

இவ்வடிப்படையின்மேல் பெருங்கொள்கை எழுப்பியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் மில்டன் பிரீட்மன். அன்னா சுவார்ட்சு அம்மையாரோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட அமெரிக்கப் பண வரலாறு, 1929 முதல் 1933 வரை அந்நாட்டுப் பணத்தின் அளவு மூன்றிலொரு பங்கு சுருங்க விடப்பட்டதே பெருமந்தத்தை அத்துணைக் கொடியதாக்கியது என்று வாதிட்டது. வீக்கமும் நோய், வற்றலும் நோய் என்பது அவர் கண்டது. மருந்தாக அவர் கூறியது வியக்கத்தக்க எளிமையுடையது. நடுவண் வைப்பகத்தார் கிழமைதோறும் தம் அறிவுத்திறத்தைக் காட்ட வேண்டா. ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என வரையறுத்து, அவ்வீதத்திலேயே பணத்தைப் பெருக்கி வருக என்றார். ஏன்? பணத்தில் செய்யும் மாற்றம் விலையில் தெரியப் பல திங்கள் ஆகும்; எத்தனை திங்கள் என்பதும் உறுதியில்லை. தோட்டத்தில் வேலை செய்வார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கவாத்து வெட்டிய செடி மறுநாளே கொழுந்து விடாது. விடவில்லையே என்று உரத்தை மேன்மேலும் கொட்டினால் செடி கருகும். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் நம் நாட்டுக்கும் வந்தார். 1955இல், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் வரையப்பட்ட காலத்தில் தில்லி வந்து, பணத்தைச் சீராகவும் மிதமாகவும் பெருக்குமாறு நடுவணரசுக்குக் குறிப்பு எழுதித் தந்தார். அதே ஆண்டில் திட்டப் பொருளியலார் குழுவிலிருந்த பி.ஆர். செனாய், பற்றாக்குறையைப் பணம் அடித்து நிரப்புதல் தீங்கென்று தனித்து மறுப்புரை எழுதினார். இருவர் சொல்லும் ஏறவில்லை. மாறாக, அதே 1955இல் இந்தியச் சேமவைப்பகத்துக்கும் (மக்கள் வழக்கில் இரிசர்வு வங்கி) நடுவணரசுக்கும் இடையே ஓர் ஏற்பாடு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அரசின் கணக்கில் 50 கோடி உருபாவுக்குக் குறைந்தால், அரசு குறுங்கால உறுதிமுறித்தாளை எழுதித் தரும். சேமவைப்பகம் அதற்கு ஈடாகப் பணத்தை ஆக்கித் தரும். இடையில் கேள்வியில்லை, உச்சவரம்பும் இல்லை. நான் சொன்ன தோட்டத்துரைக்கு வில்லை அச்சடிக்கும் பொறி கிடைத்த கதை இதுவே. ஒரு சிறு வசதிக்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

விளைவு என்ன? 1970களிலும் 1980களிலும் மக்கள் கையிலுள்ள பணமும் வைப்பகங்களிலுள்ள வைப்பும் சேர்ந்த மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு பெருகிவந்தது. நாட்டின் விளைவோ 1970களில் மூன்று விழுக்காட்டை ஒட்டியும் அடுத்த பத்தாண்டில் ஐந்தரையை ஒட்டியுமே வளர்ந்தது. எஞ்சியது முழுவதும் விலையேற்றமாக வந்திருந்தால் நாடு தாங்கியிராது. 1969இல் 14 வைப்பகங்கள் நாட்டுடைமையாகி, சிற்றூர்களிலும் தோட்டப் பகுதிகளிலும் கிளைகள் பரவியமையால், மக்கள் பணத்தை வைப்பாக வைக்கத் தொடங்கினர். பணம் கைமாறும் விரைவு குறைந்தது. அதனால் நிரவலாக எட்டு ஒன்பது விழுக்காட்டு விலையேற்றத்தோடு தப்பினோம். 1974இல் அத்தப்புதலும் இல்லை. வறட்சியும் எண்ணெய் விலையும் சேர்ந்துகொள்ள, மொத்தவிலை ஏற்றம் அவ்வாண்டு 25 விழுக்காட்டைத் தாண்டிற்று.

1982 திசம்பரில் பேராசிரியர் சுகமய் சக்கரவர்த்தி தலைமையில் சேமவைப்பகம் அமைத்த குழு, 1985 ஏப்பிரலில் அறிக்கை தந்தது. ஆண்டுதோறும் பணப்பெருக்கத்துக்கு இலக்கு வரையறுக்க வேண்டும், விளைவின் போக்கைப் பார்த்து அதனைத் திருத்திக்கொள்ளலாம், விலையேற்றம் நான்கு விழுக்காட்டை மிகாதிருத்தல் நன்று என்பன அதன் சாரம். பிரீட்மனின் கட்டிறுக்கத்தை நம் மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப நெகிழ்த்திய முறை இது என்க. இத்துறையில் அன்று உழைத்தவருள் ஒருவர் அரியலூரில் பிறந்த தமிழர், சி. அரங்கராசன். 1982 முதல் துணை ஆளுநராகவும், 1992 இறுதி முதல் 1997 வரை ஆளுநராகவும் இருந்தவர். அவர் எழுத்துகளும் உரைகளும் ஆங்கிலத்திலேயே பெருகிக் கிடப்பது நமக்குக் குறையே. ஆயினும் அவர் செய்த செயல் பெரிது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

இலக்கு வைத்தார்கள். ஆனால் துரையின் அச்சுப்பொறி நிற்கவில்லை. பணம் பெருகுவதைத் தடுக்க வழியின்றி, சேமவைப்பகம் மக்கள் வைப்பின்மேல் கைவைத்தது. 1990ஐ ஒட்டி, மக்கள் ஒரு வைப்பகத்தில் இட்ட நூறு உருபாவில் 38.5 உருபாவை அரசுக் கடனாவணங்களிலும் அவையொத்தவற்றிலும் முடக்க வேண்டும். மேலும் 15 உருபாவைச் சேமவைப்பகத்தில் கட்டி வைக்க வேண்டும். பாதிக்கு மேல் போயிற்று. கோத்தகிரியில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கடன் கேட்டுப் போனால், எஞ்சிய பாதியில் ஆலை முதலாளிகள் எடுத்துக்கொண்டது போகக் கிடைப்பதே அவருக்கு. தில்லியின் பற்றாக்குறை இம்மலையின் கடன் தட்டுப்பாடாக வந்து இறங்கிய வழி இது. உருபாவின் மதிப்பு 1991 சூலை முதற்கிழமையில் இரு படிகளாகக் குறைக்கப்பெற்றதும், அவ்வாண்டு ஆகத்தில் மொத்தவிலை ஏற்றம் ஏறத்தாழ 17 விழுக்காட்டைத் தொட்டதும் இதன் தொடர்ச்சியே.

மாநிலங்களுக்கு இச்சலுகை இருந்ததா? இல்லை. நடுவணரசு வரம்பின்றித் தாளெழுதிப் பணம் பெற்ற அதே காலத்தில், 1985 அக்டோபரில் மாநிலங்களின் மிகைப்பற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. தொடர்ந்து ஏழு வேலைநாள்களுக்கு மேல் மிகைப்பற்று நீடித்தால் அம்மாநிலத்தின் காசோலையைச் சேமவைப்பகம் மதிக்காது. கட்டுப்பாடு தவறென்று நான் சொல்லேன், அது நல்லதே. பிள்ளைக்கு விதித்த கட்டுப்பாட்டைத் தந்தை தனக்கு விதித்துக்கொள்ளப் பன்னிரண்டாண்டு ஆயிற்றே என்பதுதான் என் கேள்வி. நாணயமும் பணத்தாளும் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 36ஆம் பதிவு. சேமவைப்பகம் 38ஆம் பதிவு. மாநிலங்களுக்கு அவற்றில் வாயில்லை.

அரங்கராசனார் செய்த செயலுக்கு வருகின்றேன். 1994 செப்தம்பரில் அவர் சேமவைப்பகத்தின் சார்பில் நடுவணரசோடு ஓர் உடன்பாடு கண்டார். அவ்வாண்டு தாளெழுதிப் பெறும் பணம் ஆண்டிறுதியில் 6,000 கோடியைத் தாண்டலாகாது என வரம்பு கட்டி, மூன்றாண்டில் அம்முறையையே ஒழிப்பதென முடிவாயிற்று. 1997 ஏப்பிரல் முதல் அம்முறை ஒழிந்தது. பிரீட்மனின் கொள்கையில் இந்தியாவுக்கு உண்மையில் பயன்பட்ட பகுதி இதுவென்பது என் கருத்து. இத்தனை விழுக்காடு என்னும் இலக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. வெளிநாட்டு முதல் பெருகி வந்ததாலும் பணம் வைத்திருக்கும் வகைகள் பலவானதாலும் பணத்தின் அளவுக்கும் விலைக்கும் இருந்த தொடர்பு தளர, 1998 ஏப்பிரலில் சேமவைப்பகம் அவ்விலக்கைக் கைவிட்டுப் பல குறிகளையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறியது. 2016இல் சட்டத்தையே திருத்தி, நுகர்வோர் விலையேற்றம் நான்கு விழுக்காடு, இருபுறமும் இரண்டு விழுக்காடு நெகிழ்ச்சி என்று வரையறுத்தனர். அளவைப் பிடிப்பதை விட்டு, விலையையே நேரே குறிவைத்து வட்டியைக் கூட்டிக் குறைக்கின்றனர். ஆனால், அரசு கேட்டவுடன் அச்சடித்துத் தருதல் இல்லை என்னும் அடிப்படை நின்றுவிட்டது.

இவ்வடிப்படை ஏன் உயிரானது என்பதைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழும் தாயகம் திரும்பிய குடும்பங்கள் நன்குணரும். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ - சாத்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்பியது. எவரையும் கேளாமல் எண்ணிக்கை போட்டுப் பிரித்த அக்கொடுமையைப் பற்றி இம்மேடை பலமுறை பேசியுள்ளது. அவ்வாறு வந்தோருக்கு வேலை தரவே நம் 'டான்டீ' தோட்டங்கள் எழுந்தன. அவ்வுடன்பாடு எழுதப்பட்ட நாளில் இலங்கை உருபாவும் இந்திய உருபாவும் ஒரே மதிப்புடையவை. அமெரிக்கத் தாலருக்கு 4.76. 1966 சூன் 6ஆம் நாள் இந்தியா தன் உருபாவைத் தாலருக்கு 7.50 எனத் தாழ்த்தியது. அன்று ஓர் இலங்கை உருபா ஒன்றரை இந்திய உருபாவுக்கும் மேல். பின்னர் இரு நாட்டு உருபாவும் வீழ்ந்தன. எது விரைந்து வீழ்ந்தது? 2022 இறுதியில் ஓர் இந்திய உருபாவுக்கு நான்கு இலங்கை உருபாவுக்கும் மேல் தர வேண்டியதாயிற்று. போரும் கடனும் பிறவும் இதற்குக் கரணியங்களே. ஆனால் கடைசி அடி பணத்தாள் அடித்த அடி.

2019 இறுதியில் இலங்கை அரசு வரிகளைப் பெரிதும் குறைத்தது. வருவாய் வீழ்ந்தது. கொள்ளைநோய்க் காலச் செலவும் சேர்ந்தது. குறைந்த பணத்தை நடுவண் வைப்பகம் அரசின் கடனாவணங்களை வாங்கிக்கொண்டு ஆக்கித் தந்தது. தாலர் 200 உருபாவை ஒட்டியே இருக்குமாறு சில காலம் பிடித்து வைத்தனர். 2022 மார்ச்சில் அப்பிடி நழுவியது. ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தனர். செப்தம்பரில் கொழும்பு நுகர்வோர் விலையேற்றம் ஆண்டுக்கு 69.8 விழுக்காடு, உணவுப் பொருளுக்கு மட்டும் ஏறத்தாழ 95.

இனி மலையகத் தமிழ்த் தாய் ஒருத்தியின் கூலியைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆயிரம் உருபா வேண்டுமென ஆண்டுக்கணக்கில் கேட்டனர், கொடி பிடித்தனர், தேர்தல்தோறும் வாக்குறுதி பெற்றனர். 2021 மார்ச்சில்தான் அவ்வாயிரம் சட்டப்படி வந்தது. அடுத்த ஆண்டு செப்தம்பரில் அதே ஆயிரத்தைக் கொண்டு கடைக்குப் போனால், ஓராண்டுக்கு முன் 510 உருபாவுக்கு வாங்கிய உணவே கிடைத்தது. பறித்த கொழுந்து குறைந்ததென்று 'அரைப்பேர்' போட்டால் தொழிற்சங்கம் கேட்கும், துரையோடு வழக்காடலாம். நாட்டிலுள்ள அத்தனை தொழிலாளிக்கும் ஓராண்டுக்குள் அரைப்பேர் போட்டதுபோல் ஆயிற்றே, அதற்கு எந்தக் கங்காணியிடம் போவது? கூலிப்போரில் வென்றதைப் பணப்பொறி கொண்டுபோய்விட்டது. 2023இல் இலங்கை புதுச்சட்டம் இயற்றி, நடுவண் வைப்பகம் அரசிடமிருந்து நேரே கடனாவணம் வாங்குவதைத் தடுத்தது. ஏற்றத்தின் வேகம் அவ்வாண்டின் நடுவிலேயே பத்து விழுக்காட்டுக்குக் கீழிறங்கியது. வேகம்தான் இறங்கியது, ஏறிய விலை இறங்கவில்லை.

இக்கொள்கையை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்ளற்க. பிரித்தானியாவில் தாட்சர் அம்மையார் 1979 முதல் இதனைக் கடுமையாகக் கையாண்டபோது, வேலையற்றோர் தொகை 1982இல் முப்பது இலக்கத்தைத் தாண்டியது. வீக்கம் வடிந்தது, வடித்த குருதி உழைப்பாளியுடையது. வீங்க விட்டவன் ஒருவன், வடியும்போது வலி பொறுப்பவன் வேறொருவன் என்னும் இம்முறைகேட்டை அக்கொள்கையாளர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

நம் மலையின் பச்சைத் தேயிலை விலையும் பணத்தின் அளவு காக்க இயலாத ஒன்று. நீலமலைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத்து ஒன்றியம் 1991இல் சிதறியது. அதன் பின்னும் சில ஆண்டு நல்ல விலை இருந்து, 1990களின் இறுதியில் வீழ்ந்தபோது, சிறு தேயிலை உழவர் பறித்த கூலிக்கும் கட்டாமல் தெருவில் இறங்கிப் போராடினர். அன்று நாட்டின் பொது விலையேற்றம் கட்டுக்குள்தான் இருந்தது. ஒரு பண்டத்தின் விலை வீழ்வது வேறு. பணத்தின் மதிப்பு வீழ்வது வேறு. முன்னதற்குச் சந்தை, தரம், கூட்டுறவுத் தொழிற்சாலை, ஏல முறை ஆகியவற்றில்தான் தீர்வு. குன்னூர் ஏலத்தில் வாங்குவோர் சேர்ந்து விலையை அமுக்கினால் அதனைப் பணக்கொள்கை தடுக்காது. ஆனால் பணம் நிலையாக இருந்தால்தான், வீழ்ந்தது தேயிலை விலையே என்று உழவர் ஐயமறக் காண முடியும். அளவுகோலும் ஆடினால் எது குறைந்தது என்றே தெரியாது.

சுருக்குவதிலும் கேடுண்டு என்றேன். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 உருபாத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பெற்றன. புழங்கிய தாள்பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஓரிரவில் போயிற்று. பணத்தின் அளவைச் சீராக வைக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு இதனினும் நேர்மாறான செயலைக் காண்டல் அரிது. காசாகக் கூலி கொடுக்கும் தோட்டங்கள் திகைத்து நின்றன. கடைசியில் அத்தாள்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் சேமவைப்பகத்துக்கே திரும்பி வந்துவிட்டன. புதுத்தாள்களில் தேவநாகரி எண்கள் வந்து அமர்ந்ததுதான் கண்ட மிச்சம்! தமிழோ பின்புறப் பட்டியலில் பதினைந்தில் ஒன்றாக, கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில் இருக்கின்றது.

முன்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் சீட்டு அனுப்பியுள்ளார். பணமடிக்கும் உரிமை தமிழர் கையில் இருந்தால் இத்துன்பமெல்லாம் தீருமன்றோ என்பது வினா. தோழரே, உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இலங்கை அரசிடம் சொந்தப் பணப்பொறி இருந்ததே! 2022இல் அதனை ஓட்டிய கை சிங்களவர் கையாதலால் சிங்கள உழவனின் அடுப்பு எரிந்ததா? அவனும் எரிவளிக் குப்பிக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றான். பொறி எவர் கையில் என்று கேட்கும்போதே, அக்கையைக் கட்டும் கயிறு எது என்றும் கேட்டாக வேண்டும். ஆட்சி மாறும், அச்சடிக்கும் ஆசை எவ்வாட்சிக்கும் மாறாது.

இன்று நாம் கேட்கத்தக்கவை சில உள. வட்டியை முடிவு செய்யும் பணக்கொள்கைக் குழுவில் அறுவர். மூவர் சேமவைப்பகத்தார், மூவர் நடுவணரசு அமர்த்துவோர். மாநிலங்கள் பெயர் சொல்லி அனுப்பும் ஒருவரும் இலர். ஒருவருக்கேனும் இடம் வேண்டும். தொடர்ந்து மூன்று காலாண்டு இலக்குத் தவறினால் கரணியங்கூறிச் சேமவைப்பகம் நடுவணரசுக்கு எழுத வேண்டுமென்பது சட்டம். 2022இல் அவ்வாறே தவறியது, கடிதமும் போயிற்று, மக்களுக்குக் காட்டப்படவில்லை. விலையேற்றத்தைச் சுமந்தவருக்கு அதன் கரணியத்தைப் படிக்க உரிமையில்லையா? ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவரும் பணக்கொள்கை அறிக்கை, அதே நாளில் அதே முழுமையோடு தமிழில் வருதல் வேண்டும். மொழிபெயர்ப்புக்குச் சொல்லில்லை என்பார்கள். பணவீக்கம் என்னும் சொல்லை ஆக்கிய மொழிக்கா சொல்லில்லை?

நாமே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சிம்லாவிலுள்ள நடுவணரசின் தொழிலாளர் செயலகம், தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணிக்கும் ஊர்களின் பட்டியலில் நெடுங்காலமாக இக்குன்னூரும் உண்டு. நம் சந்தையில் அரிசியும் உருளைக்கிழங்கும் விற்ற விலை அங்குப் போய் எண்ணாகித் திரும்புகின்றது. அவ்வெண்ணைப் பார்த்தவர் இவ்வவையில் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பழைய கூலிச் சீட்டுகளையும் தொழிற்சங்க உடன்பாட்டுப் படிகளையும் கொண்டுவாருங்கள். குன்னூர்க் குறியீட்டெண்ணை ஆண்டுவாரியாக நான் எழுதிக் கொணர்கின்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூலி எவ்வளவு ஏறிற்று, பணம் எவ்வளவு இளைத்தது என்று கரும்பலகையில் தமிழ் எண்ணிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.